அப்பாவின் பற்களில் சொத்தை இல்லை

எங்கள் அப்பா கரும்பைக் கத்தி வைத்து உரித்து நான் பார்த்ததில்லை. பொங்கல் கரும்பில் கணுவுக்கு மேலே ஒரு கடி, ஓர் இழுப்பு. தோல் நீளமாக உரிந்து வந்துவிடும். அடிக்கரும்பை எங்களுக்குக் கொடுத்துவிட்டு நுனிக்கரும்பை அவர் வைத்துக்கொள்வார். மூட்டைக் கயிற்றின் முடிச்சை அவிழ்ப்பதும், புளியங்கொட்டையை உடைப்பதும் பல்லால்தான். அம்மா திட்டினால், பல்லெல்லாம் தெரியச் சிரிப்பார்.

அரியலூரைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றில் அவருக்கு வேலை. சிமென்ட் ஆலைக்குக் கல் வெட்டி அனுப்பும் இடம். ஒரு காலத்தில் கடலடியாகக் கிடந்த பூமி இது. அதனால் வெட்டும் கல்லில் சிப்பியும் நத்தையும் கல்லாகச் சமைந்து கிடக்கும். நல்லதாக ஒன்று கண்ணில் பட்டால் சாப்பாட்டுத் தூக்கில் போட்டு எடுத்து வருவார். பெரம்பலூர் மாவட்டத்துக் காரை கிராமத்தின் ஓடைப் பள்ளங்களில் சுறாமீனின் பற்களே கிடைத்திருக்கின்றன. அவற்றுக்குச் சுமார் பத்துக் கோடி வயது. பல் அவ்வளவு உறுதியான பொருள். அப்பாவின் பற்களும் உறுதியானவைதான். கடைசியாக விழுந்த பல் வரைக்கும் ஒன்றில்கூடச் சொத்தை கிடையாது. ஆனாலும் அறுபது வயது முடிவதற்குள் அத்தனையும் போய்விட்டன.

எங்கள் குடும்பத்தில் சர்க்கரை வியாதி புதிதல்ல. அப்பாயிக்கு இருந்தது. அப்பாவுக்கு மூத்தவரான அத்தைக்கு வந்தது. 1999இல், வேலை பார்க்கும் இடத்தில் வைத்த மருத்துவ முகாமில், அப்பாவுக்கும் இருப்பதாகச் சொன்னார்கள். மாத்திரை ஆரம்பித்தார், காப்பியில் சர்க்கரையை நிறுத்தினார், காலையில் கல்லங்குறிச்சி சாலையில் நடந்தார். செய்யச் சொன்னதையெல்லாம் செய்கிற மனுஷர்தான். ஆனால் சுகர் அவர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஒரு மாதம் 180, ஒரு மாதம் 260 என்று ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.

அந்த வருடங்களில் காலையில் குழாயடியில் அவர் பல் தேய்த்துத் துப்பும்போது எச்சிலில் சிவப்பு கலந்திருக்கும். முதலில் சிவப்புப் பல்பொடியின் நிறம் என்றே நினைத்தோம். வேப்பங்குச்சிக்கு மாறினார், அப்போதும் சிவப்பு வந்தது. "சூடு ஆயி. நைட் ஷிப்ட் பாத்தா சூடு ஏறாதா?" என்பார். எங்கள் ஊரில் ஈறில் ரத்தம் வந்தால் சூடு, வாய் நாறினால் வயிறு சரியில்லை, பல் ஆடினால் வயசு. மூன்றுக்கும் காரணம் தயாராக இருப்பதால் யாரும் வாயைத் திறந்து பார்ப்பதில்லை. அம்மா வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தார். சனிக்கிழமை தவறாமல் எண்ணெய்க் குளியல். ஈறு ஓரிடத்தில் வீங்கும், உப்புத் தண்ணீரில் கொப்பளித்தால் சீழ் உடைந்து வற்றும். இரண்டு மாதம் கழித்து இன்னோரிடத்தில் வீங்கும். வீங்குகிற அந்த இரண்டு நாள் போக மற்ற நாட்களில் வலி இல்லை. வலித்திருந்தால் ஓடியிருப்பார். சொத்தைப் பல் நடுராத்திரியில் ஆளை எழுப்பி உட்கார வைக்கும். ஈறு நோய் அப்படிச் செய்யாது. அதனால்தான் சொத்தையைவிட இது எனக்குப் பயத்தைத் தருகிறது.

முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழுந்தது. பல் நீண்டுகொண்டே போவதுபோல் தெரிந்தது. உண்மையில் பல் நீளவில்லை, ஈறு கீழே இறங்கி வேர் வெளியே தெரிந்தது. அதன்பிறகு ஒவ்வொன்றாக ஆடத் தொடங்கின. கீழ்வரிசை முன்பல் ஒன்று முறுக்கைக் கடிக்கும்போது, துளி ரத்தத்தோடு, முறுக்கிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. அப்பா அதைக் கழுவி உள்ளங்கையில் வைத்து என்னிடம் காட்டினார். வெண்மை குறையாத முழுப் பல். வேரைச் சுற்றி மட்டும் கறுப்பும் பச்சையுமாகக் கெட்டியான ஒரு படிவம், நகத்தால் சுரண்டினால் வராதது. பற்காரை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

நான் பள்ளியில் உயிரியல் பாடம் எடுக்கிறேன். பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலவே இங்கும் சொல்லிவிடுகிறேன். பல்லின் மேல் தினமும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமிப் படலம் படிகிறது. தேய்த்தால் போய்விடும், விட்டால் எச்சிலிலுள்ள சுண்ணாம்புச் சத்து சேர்ந்து இறுகிக் காரையாகும். காரையின் சொரசொரப்பில் இன்னும் கிருமி ஒட்டும். அதை எதிர்த்து ஈறு சிவந்து வீங்குகிறது. வீக்கம் நீடித்தால் ஈறு பல்லைவிட்டு விலகி நடுவே பை விழுகிறது. பைக்குள் கிருமி இறங்க, பல்லைப் பிடித்திருக்கும் தாடை எலும்பு அதிலிருந்து பின்வாங்கிக் கரைகிறது. மழையில் மண் அரித்த பந்தக்கால் கதிதான். மரம் உளுக்கவில்லை, நிற்க மண் இல்லை.

சர்க்கரை உள்ளவர்களுக்கு இதெல்லாம் வேகமாக நடக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் கிருமியை விழுங்கும் வெள்ளணுக்கள் மந்தமாகின்றன. ஈறுக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களின் சுவர் தடிக்கிறது. சர்க்கரை ஒட்டிக்கொண்ட புரதங்கள் திசுக்களில் சேர்ந்து வீக்கத்தைத் தூண்டிக்கொண்டே இருக்கின்றன, புண் ஆறுவதையும் தாமதப்படுத்துகின்றன. வாய் வறண்டு, கழுவிவிட எச்சிலும் குறைகிறது. அதோடு முடிவதில்லை. ஈறின் அழற்சியில் உண்டாகும் பொருட்கள் ரத்தத்தில் கலந்து இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கின்றன. அதாவது சர்க்கரை ஈறைக் கெடுக்கிறது. கெட்ட ஈறு சர்க்கரையை ஏற்றுகிறது. அப்பாவின் சுகர் ஏன் அடங்கவில்லை என்பதற்கு ஒரு காரணமாவது அவர் வாய்க்குள்ளேயே இருந்திருக்கும். போதாததற்கு நைட் ஷிப்ட் தூக்கத்தை விரட்ட வெற்றிலையோடு புகையிலை வேறு.

சுகருக்கு அவர் காட்டிவந்த இடத்தில் காலைப் பார்த்தார்கள், கண்ணைப் பரிசோதிக்கச் சொல்லி எழுதினார்கள், சிறுநீரில் புரதம் இறங்குகிறதா என்று பார்த்தார்கள். நல்ல வைத்தியம்தான். ஆனால் அத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட "வாயைத் திறங்க, ஈறைப் பாக்கலாம்" என்று யாரும் கேட்கவில்லை. ஆடிய பல்லைப் பிடுங்கிய இடத்திலோ, சுகர் எவ்வளவு என்று கேட்டது புண் ஆறுமா என்று தெரிந்துகொள்ளத்தான். கணக்குப் போட்டுப் பிடுங்கி அனுப்பினார்கள். ஒரு அறையில் சுகர் அட்டை, இன்னொரு அறையில் பல். இரண்டையும் ஒருசேரப் பார்த்த ஆள் யாரும் இல்லை.

பல் போனபின் அப்பா சாப்பிட்டதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை. சர்க்கரைக்காரருக்கு ஏற்றது என்று சொல்வதெல்லாம் மென்று தின்ன வேண்டியவை. கொண்டைக்கடலைச் சுண்டல், கீரைத்தண்டு, வெள்ளரிப் பிஞ்சு, கொய்யாக்காய், கம்பு, சோளம். எதையும் அவரால் கடிக்க முடியவில்லை. குழைந்த சோற்றில் ரசம், டீயில் நனைத்த ரஸ்க், பன், இட்லி. விழுங்கிய கொஞ்ச நேரத்தில் சர்க்கரையாக ரத்தத்தில் சேருகிற சாப்பாடு. பல்செட் கட்டினோம். மேலே உட்கார்ந்தது, கீழே உட்காரவில்லை. பிடிக்க வேண்டிய எலும்பு மேடு கரைந்து தட்டையாகியிருந்தது. வீட்டுக்கு ஆள் வந்தால் மட்டும் மாட்டிக்கொள்வார். பொங்கலுக்குக் கரும்பு வாங்குவதை அவராகவே நிறுத்திவிட்டார். 2013இல் அவர் போய்ச் சேர்ந்தார்.

பிற்பாடு இதைப்பற்றித் தேடித் தேடிப் படித்தபோது என்னை உலுக்கியது ஒரு ஆராய்ச்சி. நார்வேயைச் சேர்ந்த ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ அறிஞர், 1970இல் தன் குழுவோடு இலங்கை மலையகத்துக்கு வந்தார். டன்சினேன், ஹாரோ என்ற இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்து, பதினைந்து வருடம் தொடர்ந்து கவனித்தார். அவர்கள் மலையகத் தமிழர்கள். பழைய திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பிழைக்கப் போனவர்களின் வழிவந்த மக்கள். அன்று பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்தில்தான் இருந்தன. பல் துலக்கும் வசதியோ பல் வைத்தியமோ எட்டாமல், ஈறு நோய் தன் போக்கில் விட்டால் எப்படிப் போகும் என்பதை அந்த மனிதர்களின் வாயிலிருந்துதான் உலகம் தெரிந்துகொண்டது. நூற்றுக்கு 11 பேருக்கு நோய் ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது. 81 பேருக்கு மெல்ல முன்னேறியது. 8 பேருக்கு அசுர வேகம். இந்த எட்டுப் பேருக்கு நாற்பத்தைந்து வயதுக்குள் கிட்டத்தட்ட எல்லாப் பற்களும் போய்விட்டன. அந்த அறிக்கையில் இருந்த ஒரு செய்தியைப் படித்தபோது எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்: அவர்களுக்குச் சொத்தைப் பல்லே ஏறக்குறைய இல்லை, போன பல்லெல்லாம் ஈறினால் போனவை. பல் மருத்துவம் படிக்கிறவர்கள் உலகமெங்கும் இந்த எண்களைப் படிக்கிறார்கள். அவை எங்கள் ஜனத்தின் பற்கள் என்பதை நாமும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அதே லோதான் 1993இல், சர்க்கரை நோயின் ஆறாவது சிக்கல் ஈறு நோய் என்று எழுதினார். கண், சிறுநீரகம், நரம்பு, பெரிய ரத்தக்குழாய், ஆறாத புண் என்ற ஐந்தும் முன்பே மருத்துவர்கள் வாயில் இருந்தவை; ஆறாவதாக இதையும் சேருங்கள் என்றார். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பீமா என்ற பழங்குடி மக்களிடம் சர்க்கரை நோய் மிக அதிகம். அவர்களிடம் நடந்த ஆய்வுகளில், சர்க்கரை உள்ளவர்களுக்கு முற்றிய ஈறு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் மூன்று மடங்கு என்று தெரிந்திருந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை கண்டுபிடித்ததற்கு ஆறு வருடம் முன்னால் அச்சான சங்கதி இது.

அத்தை பெரம்பலூர் மாவட்டத்துச் செட்டிகுளத்துப் பக்கம் வாக்கப்பட்டவர். சின்ன வெங்காயம் விளையும் ஊர். வயலோரத்துப் பட்டறையில் வெங்காயத்தைக் காற்றோட்டமாக அடுக்கி வைத்து, விலைக்காகக் காத்திருக்கிற குடும்பம். 2017இல் ஒரு நாள் தாள் அரிந்துகொண்டே, "ஆயி, எனக்கும் எகிறுல ரத்தம் வருது. உங்கப்பனுக்கு வந்த மாதிரியேதான் இருக்கு" என்றார். மூன்று மாதச் சராசரி சுகர் (HbA1c) 9.4 சதவீதம் என்று கையிலிருந்த சீட்டு சொன்னது. எனக்கு அடிவயிறு கலங்கியது.

சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போனேன். பெரம்பலூருக்கு இன்றுவரை ரயில் இல்லை. அரியலூர் வந்து, ஜெயங்கொண்டம், மீன்சுருட்டி, காட்டுமன்னார்கோயில் என்று பஸ் பிடித்துத்தான் போகவேண்டும். வழியெல்லாம் அத்தைக்கு ஒரே கவலை: "கிளீன் பண்ணா பல்லு ஆடிப்போயிடுமாம்ல? பக்கத்து வீட்டுக்காரிக்கு அப்படித்தான் ஆச்சாம்." ஊரில் எல்லோரும் சொல்வதுதான். நெடுநாள் நோய் முற்றிய வாயில், பல்லுக்குப் பல் காரைதான் முட்டுக்கொடுத்து நிற்கும். அதை எடுத்ததும் உள்ளே ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. வீக்கம் வடிவதால் இடைவெளியும் தெரிகிறது. பழி மட்டும் சுத்தம் செய்தவர் மேல் விழுகிறது.

நாற்காலியில் அத்தையைச் சாய்த்து, ஒரு மாணவி மெல்லிய கம்பி போன்ற கருவியை எடுத்தாள். நுனி மழுங்கலாக இருந்தது. தண்டில் மில்லிமீட்டர் அளவு பொறித்திருந்தது. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே அதை மெதுவாக இறக்கி, ஒரு பல்லுக்கு ஆறு இடத்தில் ஆழம் பார்த்தாள். பார்த்ததை உரக்கச் சொல்ல, இன்னொரு மாணவி அட்டையில் எழுதினாள். "மூணு, ரெண்டு, மூணு. நாலு, மூணு, அஞ்சு. ஆறு, அஞ்சு, ஏழு." மூன்று வரைக்கும் ஈறு நலமாக இருக்கிறது என்று பொருள். நான்கும் அதற்கு மேலும் என்றால் பை விழுந்துவிட்டது. ஏழு என்றால் பாதி வேருக்குப் பிடிப்பு போயிருக்கும். கம்பி தொட்ட இடத்தில் நொடியில் ரத்தம் துளிர்த்தது. அதையும் புள்ளி வைத்துக் குறித்தாள். அத்தைக்கு எண்கள் விளங்கவில்லை, ஆனால் ஏழு என்று வந்தபோதெல்லாம் அந்தப் பெண்ணின் குரல் தணிவதை அவர் கவனித்துவிட்டார். "அது கெட்ட நம்பரா பாப்பா?" என்றார். அவள் நிறுத்தி, கண்ணாடியைக் கையில் கொடுத்து, எந்தப் பல், எவ்வளவு ஆழம், எதைக் காப்பாற்றலாம், எதைக் காப்பாற்ற முடியாது என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். அந்தப் பொறுமைக்கு நான் இன்றும் அவளை நினைத்துக்கொள்வேன்.

கடைவாயில் இரண்டு பல்லை எடுக்க வேண்டியிருந்தது. மற்றவற்றை மரத்துப்போக ஊசி போட்டு, வாயைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஈறுக்கு அடியில் வேர் வரைக்கும் சுத்தம் செய்தார்கள். காலையில் வழக்கம்போல் சாப்பிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டு வரச் சொன்னார்கள். வெறும் வயிற்றோடு வந்தால் நாற்காலியிலேயே சர்க்கரை இறங்கிவிடும். சிவப்புப் பல்பொடியை நிறுத்தச் சொன்னார்கள், அதன் சொரசொரப்பு பல்லைத் தேய்த்துவிடும் என்று. மிருதுவான பிரஷ்ஷை ஈறு ஓரத்தில் சாய்த்துப் பிடித்து, இரவு படுக்கும்முன்னும் தேய்க்க வேண்டும். பல்லிடுக்கில் நுழையும் குட்டி பிரஷ் ஒன்றையும் பழக்கினார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும்.

அடுத்த பரிசோதனையில் அத்தையின் சராசரி சுகர் 8.6. மாத்திரையையும் அந்தச் சமயத்தில் மாற்றியிருந்தார்கள், அதனால் இறங்கியதெல்லாம் ஈறினால்தான் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உலகெங்கும் நடந்த சோதனைகளைத் திரட்டி 2022இல் வெளியான காக்ரேன் ஆய்வு, ஈறுக்குச் சரியான வைத்தியம் செய்தால் மூன்று நான்கு மாதத்தில் இந்தச் சராசரி 0.43 அளவுக்குக் குறைவதைக் காட்டியிருக்கிறது. காதுக்குச் சின்ன எண். கண்ணையும் சிறுநீரகத்தையும் பாதுகாக்கப் போராடுகிறவர்களுக்கு ஒவ்வொரு தசமமும் பெரிது. அதுவும், மாத்திரை கூட்டாமல் கிடைப்பது.

2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் எங்கள் பக்கத்துக்கும் வந்தது. தன்னார்வலர் அக்கா சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரையோடு அத்தையின் திண்ணைக்கே வருகிறார். பஸ் ஏறி வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று கிராமத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023இல் வெளியானபோது, தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14.4 பேருக்குச் சர்க்கரை என்று சொன்னது. ஏழு பேரில் ஒருவர். இத்தனை பேரின் வாசலுக்கு மாத்திரை போகும்போது ஒரு கேள்வியும் கூடப் போகலாம்: பல் தேய்க்கும்போது ரத்தம் வருதா? பல் ஆடுதா? ஈறு அடிக்கடி வீங்குதா? ஆமாம் என்றால், பக்கத்து அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்கு ஒரு சீட்டு. காலில் புண் என்றால் நாம் பதறுகிறோமே, ஈறின் உள்பக்கம் முழுவதும் அதே மாதிரி புண்தான். மூடிய வாய்க்குள் இருப்பதால் தெரியவில்லை. எதிர்ப்பக்கமும் உண்டு. பல் வைத்தியம் செய்கிறவர்கள், ஈறு மாறி மாறிச் சீழ் பிடிக்கும் ஆளைப் பார்த்தால், சுகர் பார்த்தீர்களா என்று கேட்டாக வேண்டும். சர்க்கரை இருப்பதே தெரியாமல் நடமாடுகிறவர்கள் அப்படிப் பிடிபடுவதுண்டு.

அத்தைக்கு இப்போது எழுபத்தைந்து தாண்டிவிட்டது. இரண்டு போக மற்ற பற்கள் அப்படியே இருக்கின்றன. சுண்டல் மென்று தின்கிறார், கம்பு அடை கேட்கிறார். அவருடைய சுகர் நோட்டில் தேதி, வெறும் வயிறு, சாப்பிட்டபின் என்று மூன்று பத்திதான் நான் கோடு போட்டுக் கொடுத்திருந்தேன். போன வருடம் நோட்டு தீர்ந்து புதிது வாங்கியபோது நாலாவதாக ஒன்று போடச் சொன்னார். எதற்கு என்றேன். "எகிறுக்கு" என்றார். ரத்தம் வந்த நாளில் ஒரு பெருக்கல் குறி. வராத நாளில் ஒன்றுமில்லை. அந்த வாரம் மாத்திரை கொண்டுவந்த அக்கா நோட்டைப் புரட்டிவிட்டு, இது என்ன கோடு என்று கேட்க, அத்தை அவரைத் திண்ணையில் உட்கார வைத்து, வாயைத் திறந்து காட்டி, எல்லாவற்றையும் ஆதியோடந்தமாகச் சொல்லியிருக்கிறார். அந்த அக்காவுக்கும் சர்க்கரை உண்டாம். அவருடைய ஈறிலும் ரத்தம் வருகிறதாம். அடுத்த முறை சிதம்பரத்துக்கு அத்தையோடு அவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.